கினிப் பன்றியின் இனம் முடியில்தான் இருக்கிறது

அமெரிக்காவில் முயல்களுக்கும் கினிப் பன்றிகளுக்கும் கண்காட்சித் தரம் வகுப்பது அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம். அதன் பட்டியலில் கினிப் பன்றிக்கு 13 இனங்கள் இருக்கின்றன. அமெரிக்கன், அபிசீனியன், பெருவியன், சில்கி, டெடி என்று ஐந்து. இந்த ஐந்திலும் பளபளக்கும் முடியுள்ள சாட்டின் வடிவத்தைத் தனி இனமாக எண்ணுவதால் பத்து. அப்புறம் கொரோனெட், டெக்சல், ஒயிட் கிரெஸ்டட். கணக்கு சரியாக வருகிறது. ஆனால் இந்தப் பதிமூன்றையும் மொட்டையடித்து வரிசையாக நிறுத்தினால், எது எந்த இனம் என்று சொல்ல நடுவரே திணறிப்போவார்.

நாய்களில் இப்படி நடக்காது. முடியை எடுத்துவிட்டாலும் டாஷ்ஹண்ட் எது, கிரேட் டேன் எது என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். கால், மண்டையோடு, எடை எல்லாமே வேறு. கினிப் பன்றியில் இனம் என்றால் கிட்டத்தட்ட முடிதான்: அதன் நீளம், அது படியும் திசை, சுருள், பளபளப்பு. நிறம்கூடப் பெரும்பாலும் இனக் கணக்கில் வராது. பெருவியன் கறுப்பாக இருக்கலாம், செந்நிறமாக இருக்கலாம். அவை ஒரே இனத்தின் வகைகள். நெற்றிச் சுழி வெள்ளையாகவே இருந்தாக வேண்டிய ஒயிட் கிரெஸ்டட் இதற்கு விதிவிலக்கு.

ஆகவே இனத்தின் பெயரைக் கேட்டதும் பெரிய வம்சவரலாற்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நாலைந்து மரபணுக்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது.

முடியின் நீளத்திலிருந்து ஆரம்பிக்கலாம். கினிப் பன்றிக்கு 64 குரோமோசோம்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கும். குட்டை முடி ஓங்கு பண்பு, நீள முடி ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதியுமே நீளமாக இருந்தால்தான் முடி நீளும். ஒரு பிரதி மட்டும் இருந்தால் விலங்கு குட்டை முடியோடுதான் இருக்கும். சிலவற்றில் பின்புறத்தில் மட்டும் முடி கொஞ்சம் தொங்கி நிற்கும். அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் அந்த இடத்தைப் பார்த்தே ‘இது நீள முடியைச் சுமக்கிறது’ என்று ஊகித்துவிடுவார்கள்.

அடுத்தது சுழி. அபிசீனியனின் உடம்பெல்லாம் சுழிகள். முதுகு, இடுப்பு, பின்புறம் எங்கும் முடி ஒரு மையத்திலிருந்து வட்டமாக விரியும். இரண்டு சுழிகள் சந்திக்கும் இடத்தில் முடி மேடு கட்டி நிற்கும். சுழியைத் தருவது ஓங்கு மரபணு, ஒரு பிரதியே போதும். ஆனால் அது தனியாக வேலை செய்வதில்லை. அதை அடக்கும் இன்னொரு மரபணு இருக்கிறது. அந்த அடக்கி இருந்தால் சுழிகள் குறைந்து, பின்புறத்தில் ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சும். சில சமயம் பாதத்தில் முடி தப்புத் திசையில் நிற்பதோடு சரி. வழவழப்பான முடியுள்ள விலங்குகள் பலவற்றில் இந்த அடக்கி ஓசையில்லாமல் உட்கார்ந்திருக்கும். சுழியே இல்லாத உடம்பில் சுழியை அடக்குவது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அபிசீனியனை அப்படியொரு விலங்கோடு சேர்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஓங்கு பண்புதானே, குட்டிகளெல்லாம் அபிசீனியனாகப் பிறக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு இரண்டுங்கெட்டான் குட்டிகள்தான் கிடைக்கும்.

நெற்றியில் மட்டும் ஒற்றைச் சுழி வருவது வேறொரு மரபணுவின் வேலை. இதுவும் ஓங்கு பண்பு.

இப்போது கூட்டிப் பாருங்கள். நீள முடி, சுழி கிடையாது என்றால் சில்கி; பிரிட்டனில் இதையே ஷெல்டி என்பார்கள். நீள முடியோடு அபிசீனியனின் சுழி மரபணு சேர்ந்தால் பெருவியன். பின்புறச் சுழிகள் முடியை முன்னோக்கித் தள்ளுவதால் அது முகத்தின்மேல் விழுந்து, தலை எந்தப் பக்கம் என்றே தெரியாது. நீள முடியும் நெற்றிச் சுழியும் சேர்ந்தால் கொரோனெட். இந்த மூன்றோடும் ரெக்ஸ் எனப்படும் சுருள் மரபணுவைச் சேர்த்தால் முறையே டெக்சல், அல்பாகா, மெரினோ என்று இன்னும் மூன்று கிடைக்கும். ஆறு பெயர்களுக்கும் பின்னால் ஒரு கையின் விரல்களுக்குள் எண்ணிவிடக்கூடிய மரபணுக்கள்தான்.

டெக்சல் உருவான விதம் இதற்கு நல்ல உதாரணம். 1980களில் இங்கிலாந்தில் ரெக்ஸையும் ஷெல்டியையும் கலந்து உண்டாக்கியது அது. ரெக்ஸின் முடி குட்டை, சுருள். ஷெல்டியின் முடி நீளம், சுருளில்லை. நீளம், சுருள் இரண்டுமே ஒடுங்கு பண்புகள். ஆகவே முதல் தலைமுறைக் குட்டிகளைப் பார்த்தால் ஏமாற்றம்தான். நீளமும் இல்லை, சுருளும் இல்லை, எல்லாம் சாதாரணக் குட்டை முடி. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் பதினாறில் ஒன்று நீளச் சுருள் முடியோடு பிறக்கும் என்பது மெண்டல் கணக்கு. ஒரு ஈற்றில் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு குட்டிகள், சினைக்காலம் 59 முதல் 72 நாள். சுண்டெலிக்கு மூன்று வாரம் போதும் என்பதை இதனோடு ஒப்பிட்டால், மரபியல் ஆய்வுக்கூடங்கள் ஏன் சுண்டெலி பக்கம் சாய்ந்தன என்பது புரியும். ஆனால் கினிப் பன்றியிடம் ஒரு வசதி உண்டு. குட்டி முழு முடியோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். டெக்சல் குட்டியின் மீசை முடிகூட அன்றைக்கே சுருண்டிருக்கும். முடிவு தெரியக் காத்திருக்க வேண்டியதில்லை.

சுருள் முடி என்றால் எல்லாம் ஒரே சுருள் என்றும் நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் ரெக்ஸும் வட அமெரிக்காவின் டெடியும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டிலும் முடி நிமிர்ந்து பஞ்சுபோல் நிற்கும், இரண்டும் ஒடுங்கு பண்பு. இரண்டையும் சேர்த்தால் குட்டிகள் வழவழப்பான முடியோடு பிறக்கின்றன! காரணம், பழுது இருப்பது இரண்டு வெவ்வேறு மரபணுக்களில். ரெக்ஸில் பழுதான மரபணுவுக்கு நல்ல பிரதியை டெடி கொடுக்கிறது, டெடியில் பழுதானதற்கு ரெக்ஸ் கொடுக்கிறது. முடியற்ற வகைகளிலும் இதே கதைதான். ஸ்கின்னி 1978இல் மான்ட்ரியால் ஆய்வுக்கூடம் ஒன்றில் தானாகத் தோன்றிய மாற்றம். பிறக்கும்போதே முடி இருக்காது, மூக்கிலும் பாதத்திலும் மட்டும் கொஞ்சம் இருக்கும். பால்ட்வின் முடியோடு பிறந்து, பிறகு உதிர்த்துவிடும். இரண்டையும் சேர்த்தால் முடியுள்ள குட்டிகள். வெளித்தோற்றத்தை வைத்து உறவு கொண்டாடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டாம்.

சரி, நிறத்துக்கு வருவோம். பொன்னிற அகூட்டி என்ற நிறவகைக் கினிப் பன்றி ஒன்றின் முதுகிலிருந்து ஒரே ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடிப்பகுதி கருமை, நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு பட்டை செம்மஞ்சள், நுனி மறுபடி கறுப்பு. இதுதான் காட்டு நிறம். ஆண்டிஸ் மலைப்பகுதியின் காட்டு இனங்களும் இப்படித்தான் இருக்கின்றன. முடி வளரும்போது நிறச் செல் முதலில் யூமெலனின் என்ற கரிய நிறமியை ஊற்றுகிறது, இடையில் கொஞ்ச நேரம் ஃபியோமெலனின் என்ற செம்மஞ்சள் நிறமிக்கு மாறுகிறது, மறுபடி கறுப்புக்குத் திரும்புகிறது. இடையில் வரும் அந்த மாற்றத்தைச் செய்வது அகூட்டி மரபணு. அது பழுதானால் பட்டையே விழாது, முழுக் கறுப்பு.

அகூட்டியின் கட்டளையை வாங்கிக்கொள்ள நிறச் செல்லின் மேல் ஒரு ஏற்பி இருக்கிறது. அந்த ஏற்பிக்குரிய மரபணுவை வளர்ப்பாளர்கள் ‘இ’ என்று அழைக்கிறார்கள். அதன் இரண்டு பிரதியும் பழுதானால் முடியில் கறுப்பு உற்பத்தியே நின்றுவிடும், விலங்கு முழுக்கச் சிவப்பு. அகூட்டி மரபணு நல்லதா பழுதா என்பது அங்கே எடுபடாது. சிவப்பு விலங்கின் உடம்பில் என்னென்ன மறைந்திருக்கிறது என்பதை முடியை வைத்துச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். காதையும் பாதத்தையும் பார்த்தால் கொஞ்சம் துப்புக் கிடைக்கும். அங்கே தோல் கருமையாக இருந்தால் கறுப்பு மரபணு உண்டு. வெளிறிய பழுப்பாக இருந்தால் உள்ளே இருப்பது சாக்லேட்.

சாக்லேட் என்பது கரிய நிறமியைப் பழுப்பாக்கும் ஒடுங்கு மாற்றம். கண்ணை இளஞ்சிவப்பாக்கும் இன்னொரு ஒடுங்கு மாற்றம் கறுப்பை லைலாக் நிறத்துக்கும் சாக்லேட்டை பீஜ் நிறத்துக்கும் இறக்கிவிடும். இரண்டும் செம்மஞ்சள் நிறமியை அவ்வளவாகச் சீண்டுவதில்லை.

அதைச் சீண்டுவது ‘சி’ வரிசை. நிறமி தயாரிக்கும் டைரோசினேஸ் நொதியின் மரபணு இது. இதில் முழு நிறத்தில் ஆரம்பித்துப் படிப்படியாக வலுக்குறையும் பல அல்லீல்கள், அதாவது அதே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள், உண்டு. வலுக்குறையக் குறைய முதலில் அடிபடுவது செம்மஞ்சள்தான். ஒரு கட்டத்தில் செம்மஞ்சள் முழுதாகப் போய்விடும், கறுப்பு ஏறக்குறைய அப்படியே நிற்கும். பொன்னிற அகூட்டியில் அந்த அல்லீல் இரண்டு பிரதியாக வந்தால், முடியின் மஞ்சள் பட்டை மட்டும் வெள்ளையாகி வெள்ளி அகூட்டி ஆகிவிடும். அதே அல்லீல் சிவப்பு விலங்கில் வந்தால், போவதற்கு இருந்த ஒரே நிறமியும் போய், கருங்கண் வெள்ளை.

இந்த வரிசையின் கடைசியில் இருப்பதுதான் ஹிமாலயன். இமயமலைக்கும் இதற்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. இதன் நொதி உடம்பின் சூட்டில் வேலை செய்யாது. குளிர்ந்த இடத்தில் மட்டும் செய்யும். குட்டி வெள்ளையாகப் பிறந்து, சில வாரங்களில் மூக்கு, காது, பாதம் என்று சூடு குறைந்த முனைகளில் கருமை ஏறும். வெக்கையான இடத்தில் வைத்தால் அந்தக் கருமை மங்கும். கண்காட்சி வளர்ப்பாளர்கள் ஹிமாலயனைக் குளிர்ச்சியாக வைத்திருக்கப் பாடுபடுவது இதற்காகத்தான். மரபணு ஒன்றுதான், வெப்பநிலை அதற்கு வேறு வேறு அர்த்தம் கொடுக்கிறது. ஹிமாலயன் விலங்கில் ‘இ’ மரபணுவும் பழுதாக இருந்தால், முனைகளில் போடக் கறுப்பு இல்லாததால் வெறும் செங்கண் வெள்ளை.

ஹிமாலயனையும் சிவப்பையும் சேர்த்தால் என்ன பிறக்கும்? இரண்டிலும் அகூட்டியும் சாக்லேட்டும் இல்லையென்றால், குட்டிகள் எல்லாம் கறுப்பு! வெள்ளையிடம் கறுப்பு செய்யும் உத்தரவு இருந்தது, நல்ல நொதி இல்லை. சிவப்பிடம் நொதி இருந்தது, உத்தரவு இல்லை. கிரீம் நிறம் இன்னொரு தலைவலி. அது சிவப்பு அடித்தளத்தில் ‘சி’ வரிசையின் வலுவான ஒரு குறைப்பு அல்லீலும் மெலிதான ஒன்றும் சேர்ந்த கலவை. கிரீமையும் கிரீமையும் சேர்த்தால் பாதிதான் கிரீம். கால்வாசி அதைவிட அடர்ந்த பஃப் நிறம், கால்வாசி வெள்ளை. எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

கறுப்பும் சிவப்பும் திட்டுத்திட்டாக வரும் டார்டாய்ஸ்ஷெல்லைப் பார்த்ததும் பூனை வளர்ப்பவர்கள் ‘பெண்ணா?’ என்று கேட்பார்கள். பூனையில் அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதனால் அந்த நிறத்தில் ஆண் பூனை மிக அபூர்வம். கினிப் பன்றியில் அது ‘இ’ மரபணுவின் இன்னொரு அல்லீல்தான். பால் குரோமோசோமோடு தொடர்பில்லை. ஆணும் பெண்ணும் சமமாகவே பிறக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் கணக்குப் போட்டால் வந்துவிடும். வெள்ளைத் திட்டுகள் அப்படியல்ல. இந்த விஷயத்தில் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி சீவல் ரைட் என்ற ஒரே மரபியலாளரின் உழைப்பு. ஹார்வர்டில் வில்லியம் கேசிலிடம் பயின்று, 1915இல் அமெரிக்க வேளாண்துறையில் சேர்ந்து, பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனவர். பாடம் நடத்தும்போது கையிலிருந்த கினிப் பன்றியாலேயே கரும்பலகையைத் துடைத்துவிட்டார் என்று மாணவர்களிடையே ஒரு கதை உலவியது. நம்பத் தேவையில்லை, ஆனால் அவர் அந்த விலங்கோடு எவ்வளவு ஒன்றிப்போயிருந்தார் என்பதற்குச் சாட்சி.

கேசிலைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். அவரும் ஜான் ஃபிலிப்ஸும் 1909இல் வெளியிட்ட சோதனை அது. ஒரு வெள்ளைப் பெண் கினிப் பன்றியின் சூலகங்களை எடுத்துவிட்டு, கறுப்புக் கினிப் பன்றியின் சூலகங்களைப் பொருத்தி, வெள்ளை ஆணோடு சேர்த்தார்கள். பிறந்த குட்டிகள் எல்லாம் கறுப்பு. சுமந்த உடம்பின் நிறம் முட்டைக்குள் கொஞ்சமும் இறங்கவில்லை. அந்தக் காலத்தில் இதை நிரூபிக்க வேண்டியிருந்தது.

வேளாண்துறை 1906இலேயே கினிப் பன்றிகளில் அண்ணன் தங்கையை மட்டும் இணைசேர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தனித்தனிக் குடும்பங்களை வளர்த்து வந்தது. ரைட்டின் கைக்கு வந்தவை அவைதான். 35ஆம் எண் குடும்பத்தில் ஒருகட்டத்துக்குப் பிறகு எல்லா விலங்கும் ஒரே ஜோடியின் வழிவந்தவை. மரபணு ரீதியாக ஏறக்குறைய நகல்கள். ஆனாலும் ஒன்று கிட்டத்தட்ட முழு நிறத்தோடும் இன்னொன்று கிட்டத்தட்ட முழு வெள்ளையாகவும் பிறந்துகொண்டிருந்தன. 1920இல் அவர் கணக்கைச் சொன்னார்: கலந்து வளர்ந்த கூட்டத்தில் திட்டு அளவின் வேறுபாட்டில் 42 சதவீதம் மரபுவழி வருகிறது, அந்த உட்கலப்புக் குடும்பத்தில் வெறும் 3 சதவீதம். மீதி? உணவு, கூண்டு போன்ற சூழல் காரணங்களும் இல்லை. கருவளர்ச்சியின் தற்செயல். நிறச் செல்கள் கருவின் முதுகுப்பக்கத்தில் பிறந்து உடம்பெங்கும் நகர்ந்து போகின்றன. எது எங்கே போய்ச் சேர்ந்தது, எங்கே சேராமல் நின்றது என்பது ஒவ்வொரு கருவிலும் வேறு.

டார்டாய்ஸ்ஷெல்–வெள்ளை வகையில் கறுப்பு, சிவப்பு, வெள்ளைக் கட்டங்கள் சதுரம் சதுரமாக, முதுகுக் கோட்டில் வெட்டினாற்போல் மாறி மாறி வர வேண்டும் என்று தரம் கேட்கிறது. கேட்கட்டும். அப்படி ஒன்று அமைந்தால் அதை நல்ல பெற்றோரின் பெருமையாகச் சொல்வது வழக்கம். பெற்றோருக்குப் பங்கு உண்டுதான், ஆனால் அதிர்ஷ்டத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு.

விரல்களில் ரைட் கண்டது இன்னும் நுணுக்கமானது. கினிப் பன்றிக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. சிலவற்றுக்குப் பின்காலில் நாலாவது ஒரு சிறுவிரல் முளைக்கும். மூன்று விரல் குடும்பத்தையும் நான்கு விரல் குடும்பத்தையும் கலந்தபோது முதல் தலைமுறை மூன்று விரல், இரண்டாம் தலைமுறையில் சுமார் கால்வாசி நான்கு விரல். ஒரே மரபணு, ஒடுங்கு பண்பு, முடிந்தது என்று எவரும் எழுதிவிடுவார்கள். ரைட் விடாமல் மேலும் கலந்து பார்த்தார். அடுத்தடுத்த கலப்புகளில் ஒற்றை மரபணுக் கணக்கு பொருந்தவில்லை. 1934இல் அவர் தந்த விளக்கம் இது: பல மரபணுக்களின் சிறு சிறு பங்களிப்பு சேர்ந்து ஒரு எல்லையைத் தாண்டினால் விரல் வரும், தாண்டாவிட்டால் வராது. தாயின் வயதுகூட அதில் பங்கு வகித்தது. இளம் தாய்களுக்குக் கூடுதல் விரல் குட்டிகள் அதிகம். இன்று மனித நோய்கள் பலவற்றின் மரபியலை விளக்கவும் இந்த எல்லைக்கோட்டுக் கருத்துதான் உதவுகிறது.

உடல் எடையும் இப்படிப் பல மரபணுக்களின் கூட்டு. ஆண்டிஸ் நாடுகளில் இறைச்சிக்காக வளர்க்கும் ‘குய்’ இதற்குச் சாட்சி. பெருவின் தேசிய வேளாண் புத்தாக்க நிறுவனம் பெரு, ஆண்டினா, இன்டி என்ற பெயர்களில் தேர்ந்தெடுத்து உருவாக்கியவற்றில், பெரு வேகமான வளர்ச்சிக்கு, ஆண்டினா அதிகக் குட்டிகளுக்கு. இவற்றை மொட்டையடித்தாலும் செல்லப்பிராணிக் கினிப் பன்றியிலிருந்து பிரித்துச் சொல்லிவிடலாம். ஒரு மரபணுவைத் தட்டி மாற்றி இதைச் செய்துவிட முடியாது. அளந்து, எடைபோட்டு, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத இன வேறுபாடும் உண்டு. வேளாண்துறைக் குடும்பங்கள் உட்கலப்பால் பொதுவாக நலிந்தன. ஈற்றளவு குறைந்தது, குட்டிகள் மெலிந்தன. இரு குடும்பங்களைக் கலந்ததும் முதல் தலைமுறையிலேயே வீரியம் திரும்பியது. கடைசிவரை தாக்குப்பிடித்து ஆய்வுக்கூடங்களில் நிலைத்தவை 2ஆம், 13ஆம் எண் குடும்பங்கள். நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் பாரூக் பெனாசெராஃப் இவற்றுக்கு ஒரே செயற்கைப் புரதத்தை ஊசியில் ஏற்றியபோது 2 நோயெதிர்ப்பைக் காட்டியது, 13 காட்டவில்லை. நோயெதிர்ப்பின் வீச்சை மரபணு தீர்மானிக்கிறது என்ற அந்த ஆராய்ச்சிக்கு 1980இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கண்காட்சி அழகுக்கு விலங்கு கொடுக்கும் விலை என்று பார்த்தால் இரண்டு மரபணுக்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்று சாட்டின். ஒடுங்கு பண்பு, முடித்தண்டின் அமைப்பு மாறி ஒளியைக் கண்ணாடிபோல் திருப்பிவிடும். பார்க்க அழகுதான். ஆனால் இரண்டு பிரதி உள்ள விலங்குகள் பலவற்றில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து, எலும்பு நார்போலாகும் நோய் வருகிறது. தாடை வலி, பல் கோணல், துள்ளித் துள்ளி வலியோடு நடப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். பளபளப்பு வேண்டுமென்றால் இரண்டு பிரதி வேண்டும். இரண்டு பிரதி என்றால் இந்த அபாயமும் கூடவே வரும். இப்படி ஒன்றை அழகென்று பரிசு கொடுத்து வளர்ப்பது சரியில்லை என்பது என் கருத்து.

மற்றது ரோன், டால்மேஷன் வகைகளின் மரபணு. ஒரு பிரதி இருந்தால் நிறத்தில் வெள்ளை முடி கலந்து தூவினாற்போலவோ, வெள்ளையில் பொட்டுப் பொட்டாகவோ வரும். விலங்குக்கு ஒரு கேடும் இல்லை. இரண்டு பிரதி சேர்ந்தால் குட்டி முழு வெள்ளையாக, கண் மிகச் சிறுத்தோ இல்லாமலோ, செவிடாக, பல் உருக்குலைந்து பிறக்கும். பல குட்டிகள் சீக்கிரமே இறந்துவிடும். ரோனையும் ரோனையும் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம். தவிர்ப்பது எளிது: ரோனுக்கு எப்போதும் ரோன் அல்லாத துணை. சிக்கல் எங்கே என்றால், ரோன் நிறமுள்ள இடத்தில்தான் தெரியும். உடம்பில் வெள்ளைத் திட்டே பெரும்பகுதியாக இருந்தால், அல்லது ‘சி’ வரிசையால் விலங்கே வெள்ளையாகிவிட்டால், ரோன் இருப்பதற்கான தடயம் எதுவும் மிஞ்சாது. பெற்றோர் யார் என்று தெரியாத வெள்ளை விலங்கை ரோனோடோ டால்மேஷனோடோ சேர்க்கக் கூடாது என்று வளர்ப்பாளர்கள் கறாராக இருப்பது அதனால்தான்.